பழைய ஜீப் டீசல் குடித்ததற்குக் காரணம் ஒரு றப்பர் குழாய்

லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடின பழைய டீசல் ஜீப் 8க்கு இறங்கிவிட்டது. கறுப்புப் புகையும் இல்லை.

வன்னிப் புழுதிக்கு எயார் ஃபில்ரர்தான் முதல் சந்தேகம். மாற்றினேன், பிறகு டீசல் ஃபில்ரர், இன்ஜெக்டர் சோதனை. பலனில்லை. 215/80 ரயருக்குப் பதில் அதைவிடப் பெரிய 265/70 போட்டிருப்பதால் மீற்றர் தூரத்தை மூன்றரை வீதம் குறைத்துக் காட்டும். அதைச் சேர்த்தும் கணக்கு உதைத்தது.

பிறேக் விடாமல் பிடித்தாலும் டீசல் வீணாகும் என்று, அதையும் ஒரு காலையில் ஜாக் அடித்துப் பார்த்தேன். நாலு சில்லும் லேசாய்ச் சுற்றின. நான் விட்ட பிழை அங்கேதான்: அதை ஓடிவந்த சூட்டோடு பார்க்கவேண்டும். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியே மாங்குளம் ஓடி, பிறேக் மிதிக்காமல் உருளவிட்டு நிறுத்தி, றிம்முக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேன். (தொடவேண்டாம், சுட்டுவிடும்.) முன் இடது சில்லில் மட்டும் அனல்.

உடனே ஜாக் அடித்தால் சில்லு இறுக்கம். கலிப்பரின் (பிஸ்டனால் பிறேக்கை அழுத்தும் பகுதி) பிளீட் நிப்பிளைக் (எண்ணெயும் காற்றும் வெளியே விடும் திருகு) கால் சுற்றுத் தளர்த்த, பிறேக் எண்ணெய் பீறிட்டுச் சில்லு விட்டது. ஆக, பிஸ்டன் இறுகவில்லை. எண்ணெய்தான் திரும்பிப் போகவில்லை. நிப்பிளைப் பூட்டி, மறுபடி மிதித்து, இம்முறை கலிப்பருக்கு எண்ணெய் கொண்டுபோகும் றப்பர் குழாயின் மேல்முனை இணைப்பைத் தளர்த்தினேன். சில்லு விடவில்லை. விட்டிருந்தால், மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கவேண்டும், விடாததால் குழாய்தான்.

வெளியே ஒரு வெடிப்பும் இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்றப்பர் ஊதி, துவாரம் குண்டூசி அளவு. மிதிக்கும் அமுக்கம் அதற்குள்ளால் போகும், திரும்பி வராது.

முன் குழாய் இரண்டையும் மாற்றி, புது எண்ணெய் விட்டுக் காற்றெடுத்தேன். அதே பம்பில் இரண்டு தரம் டாங்கி நிரப்பிப் பார்த்தேன்: 9.7.