கச்சான் காலத்தில் கூரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் மேய்ச்சல் தரையும் பற்றைக்காடும் சில வாரங்களிலேயே காய்ந்துவிடும். சேனைக்கு இட்ட தீயோ, அறுவடைக்குப் பின் வைக்கோலுக்கு வைத்த தீயோ அந்தக் காற்றில் கைமீறினால், வேலிக்கு அப்பால் எரியும் நெருப்பைவிட அதிலிருந்து பறந்துவரும் பொறிகளுக்கே நாம் கூடுதலாக அஞ்ச வேண்டும்.

ஓட்டு வீடு எரியாது என்று நம்பியிருப்பதே முதல் தவறு. ஓடு எரியாதுதான்; ஆனால் தாழ்வாரத்தின் கடைசி ஓட்டு வரிசைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், குருவி சேர்த்த வைக்கோலும் தும்பும் சருகும் ஒரு பிடியாவது வரும். அங்கே விழும் ஒரு பொறி மரச் சட்டங்களைப் பற்றவைக்கப் போதுமானது. அந்த இடைவெளிகளைச் சாந்து வைத்து அடைக்க வேண்டும். காற்றோட்டம் தேவைப்படும் இடத்தில் 3 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலையைப் பொருத்தலாம்.

இதைவிட ஆபத்தானது, வெக்கை தணியட்டும் என்று பழைய கிடுகைக் கழற்றாமல் அதன்மேல் தகரம் போடுவது. தகரத்தின் நெளிவு வழியாக உள்ளே போன பொறி கிடுகில் புகைந்துகொண்டே பரவும். மேலிருந்து எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தகரம் அதைத் தடுத்துவிடும். தகரம் பறக்காமலிருக்கப் பழைய டயர்களை ஏற்றிவைப்பதும் அப்படித்தான். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மாவட்டத்தில் காற்றுக்கான அச்சம் நியாயமானதே. அதற்கு ஆணியையும் கொளுக்கியையும் நம்புங்கள், பற்றினால் அணைக்க அரும்பாடுபட வைக்கும் டயரை நம்பாதீர்கள்.

ஓட்டு வீட்டின் சுவரோடு ஒட்டிக் கிடுகுப் பத்தி இறக்கி அதைக் குசினியாக்குவதும் வழக்கமாக இருக்கிறது. கல்வீடு கட்ட வசதியில்லாதவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பத்தியைச் சற்றுத் தள்ளி அமைத்தால் ஒன்று எரியும்போது மற்றதாவது தப்பும்.

அஸ்பெஸ்டஸ் சீற் எரியாது, எனினும் கடும் வெப்பத்தில் வெடித்துச் சிதறும். தீயின்போது அதன்மேல் ஏறக்கூடாது. பின்னர் உடைந்த துண்டுகளை நனைக்காமல் கூட்டவும் கூடாது, அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

பீலியை மாரிக்கு முன் மட்டும் துப்புரவு செய்வது போதாது. வேம்பும் மாவும் கொட்டிய சருகைக் கச்சானுக்கு முன்னரும் அள்ளிவிட வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை மீற்றருக்குள் விறகோ பொச்சோ குவிக்கக் கூடாது.