பள்ளி நூலகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறதா?

கடலூர்ப் பக்கம் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வேலை. அலமாரியிலிருந்து கைக்கு வந்தபடி இருபது கதைப் புத்தகங்களை எடுங்கள். கதையின் நாயகன், நாயகி யார் என்று மட்டும் பாருங்கள். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, பண்ருட்டி முந்திரித் தோப்பில் வேலை செய்பவரின் மகள், இருளர் வீட்டுப் பையன், காது கேளாத சிறுமி... இவர்களைப் போல ஒருவராவது தேறுகிறார்களா? பெரும்பாலும் இளவரசனும் சிங்கமும்தான் தேறும்! அடுத்து வாங்கும் பட்டியலை அந்தக் குறையிலிருந்து தொடங்குங்கள்.

வாங்கியதைத் தனி அலமாரியில் ஒதுக்கி வைக்காதீர்கள், மற்ற கதைகளோடு கலந்தே இருக்கட்டும். வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, எழுத்தே இல்லாத படக்கதைகள் நன்றாகக் கைகொடுக்கும். அவரவர் மொழியில் கதை சொல்லலாமே.

அப்புறம், பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இருந்தால், பெரிய வகுப்புப் பிள்ளைகளை வைத்து போனிலேயே கதையை வாசித்துப் பதிவுசெய்து கொடுங்கள். காப்புரிமை பற்றிப் பயம் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாப நோக்கமில்லாமல் இப்படிச் செய்வதை 2012-இல் வந்த சட்டத் திருத்தம் அனுமதிக்கிறது. அந்தப் பதிவை ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் பரப்ப மட்டும் கூடாது.