ஜார்ஜ் டவுனில் ஒற்றை ஆளாக ஒரு நாள்

தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து ஃபெர்ரி, அந்தப் பக்கம் இறங்கினால் மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். நான் எப்போதும் போகிற வழி இதுதான். பாலத்தில் காரில் போனால் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே அன்றைய வேலையாகிவிடும். ரயில் நிலையமும் ஃபெர்ரி துறையும் பக்கம் பக்கமாக இருப்பதால் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

கூட்டமாகப் போகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தனியாளுக்கு இருப்பது ஒரு வயிறு. பினாங்கில் கட்டாயம் சாப்பிட வேண்டியவை என்று யாரைக் கேட்டாலும் இருபது சொல்வார்கள். அதில் நாலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: காலையில் லேசாக ஒன்று, மதியம் கனமாக ஒன்று, மூன்று மணிவாக்கில் புளிப்பும் குளிர்ச்சியுமாக ஒன்று, இருட்டியபின் ஒன்று. நடுவில் நடை. கெக் லோக் சி கோயிலையும் பினாங்குக் கொடிமலையையும் இதே நாளில் சேர்க்காதீர்கள். மலைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த கையோடு இதையும் நினைவில் வையுங்கள். எட்டிலிருந்து பதினொன்று வரைதான் நடக்க நல்ல நேரம். அப்புறம் வெயில் தலையில் இறங்கிவிடும். பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடிப் பாதை இருக்கிறது, நிழலிலேயே போகலாம் என்று சொல்வார்கள். பாதி தூரம்தான் உண்மை. மீதி தூரத்தில் மோட்டார் சைக்கிளும் மேசை நாற்காலியும் வழியை மறிக்கும், நீங்கள் வெயிலில் இறங்கித்தான் ஆக வேண்டும். குடை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும். நான் மழைக்குப் பேர்போன தைப்பிங் ஊர்க்காரி, குடையில்லாமல் ரயில் ஏற மாட்டேன்.

முதலில் பசியாறுங்கள். கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, உள்ளே காயா என்கிற தேங்காய்ப்பால்-முட்டை ஜாம், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு. முட்டையைத் தட்டில் உடைத்து, மிளகுத்தூளும் சோயா சாஸும் விட்டுக் கலக்கி, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுங்கள். பழைய சீனக் காப்பிக் கடைகளில் ஒரு முறை உண்டு. முதலில் மேசையைப் பிடிக்க வேண்டும், எண் இருந்தால் மனதில் வைக்க வேண்டும், பிறகு எழுந்துபோய் கடைக்குள்ளேயே இருக்கும் அங்காடிகளில் வேண்டியதில் சொல்லிவிட்டு வந்து உட்கார வேண்டும். தண்ணி, அதாவது காப்பி, தேநீர் கொடுப்பவர் வேறு ஆள், அவரே மேசைக்கு வந்து கேட்பார். தட்டு வந்ததும் காசு. எதுவும் குடிக்காமல் உட்கார்ந்தால் சில கடைகளில் அதற்குத் தனியாகப் பிடிப்பார்கள். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் 'கூராங் மானிஸ்', அறவே வேண்டாமென்றால் 'கோசோங்'. சொல்லாவிட்டால் டம்ளரில் கால்வாசி இனிப்பு டின்பாலாக இருக்கும். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர் உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தால் திகைக்க வேண்டாம். நீங்களும் அப்படி உட்காரலாம், 'போலே டூடோக்?' என்று கேட்டால் போதும்.

பிறகு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். சாலையின் ஒரு கோடியில் 1801-இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல், மறுகோடியை ஒட்டி 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், நடுவே ஊதுபத்திப் புகை மண்டிய குவான் யின் கோயில். அடுத்த தெருவான குயின் ஸ்ட்ரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் அம்மனை முதலில் பார்த்துவிடுங்கள். சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகப்பட்டினத்துக் கடலோரத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் ஆண்டவரின் நினைவாக எழுப்பியது. பெரும்பாலானோர் பார்க்காமலே கடந்து போகிறார்கள், நீங்கள் நின்று பாருங்கள். சுவர் ஓவியங்களுக்கு நான் நேரம் ஒதுக்குவதில்லை. ஆர்மேனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் ஸகாரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் படம் எடுக்க எந்நேரமும் வரிசை நிற்கும். தனியாக வந்தவரைப் படம் பிடிக்க யாருமில்லை, வரிசையும் மிச்சம்.

பதினொன்றரைக்கு நாசி கண்டார். அலுவலகக் கூட்டம் பன்னிரண்டரைக்கு வந்துவிடும், அதற்கு முன்னால் போய்விட வேண்டும். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத்தில் விற்ற சாப்பாடு இது. கேம்பல் சாலை ஹமீதியா 1907 முதல் நடக்கிறது. அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை, வரிசையில் உள்ளூர் ஆட்கள் நிற்கும் கடையாக இருந்தால் சரி.

இந்த இடத்தில்தான் தனியாள் கவனமாக இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து சட்டிகள். தம்பியின் கை உங்கள் வாயைவிட வேகம்.

"என்னக்கா, சோறு போடவா?"

"பாதி போதும் தம்பி."

"கறி?"

"சோத்தோங் ஒண்ணு, வெண்டைக்காய். மீன் சினை இருக்கா?"

"இருக்கு. கொழம்பு கலந்து ஊத்தவா?"

சோத்தோங் என்றால் கணவாய். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவசரப்பட்டு ஆமாம் சொல்லாதீர்கள். நாலைந்து சட்டியிலிருந்து ஒவ்வொரு கரண்டி அள்ளி ஊற்றுவார், அதுதான் இந்தச் சாப்பாட்டின் உயிர். ஆனால் அதில் மாட்டுக்கறிக் குழம்பும் இருக்கக்கூடும். சாப்பிடாதவர்கள் அவர் கரண்டியை எடுக்கும் முன்பே "மாட்டுக் குழம்பு வேண்டாம்" என்று தமிழிலேயே சொல்லிவிடலாம். ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. கலந்து ஊற்றினால் சோறு தெரியாது, மஞ்சளும் கறுப்பும் சிவப்புமாகத் தட்டின் விளிம்பு வரை எண்ணெய் மினுங்கும். கடைசிக் குழம்பு இனிப்பாக இருக்கும், அதற்கு நேர் எதிரே சினையின் காரம். விலைப்பட்டியல் இருக்காது. தட்டைப் பார்த்தே கணக்குப் போடுவார்கள். பெரிய இறால், மீன் தலை இரண்டையும் கை காட்டுவதற்கு முன் எத்தனை வெள்ளி என்று கேளுங்கள். தமிழில் பேசும்போது இங்கே ரிங்கிட் என்று சொல்வதில்லை, வெள்ளிதான்.

சைவர்கள் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சோற்றுக்குப் போகலாம். சீனச் சைவக் கடைகளில் ஸ்வஸ்திகா குறி போட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். மற்ற கடைகளில் வெறும் கீரைப் பிரட்டலிலும் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கும்.

சாப்பிட்டதும் கூரைக்குள் போய்விடுங்கள். கூ கொங்சி என்கிற சீனக் குலமண்டபம் என் தேர்வு. முன்பிருந்த மண்டபம் 1901-இல் தீயில் போய், இப்போதிருப்பது 1906-இல் முடிந்தது. கூரைச் சிற்பங்களைக் கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து காலை நீட்டவும் இடமுண்டு, யாரும் கேட்பதில்லை.

மூன்று மணிக்குப் பினாங்கு சாலையிலிருந்து பிரியும் கெங் குவீ தெரு. சுவரோரமாக நின்று செண்டோல் குடிப்பவர்களைப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். தேங்காய்ப்பால், பனிச்சீவல், பச்சை நூல்கள், சிவப்பு அவரை, கறுத்த தென்னை வெல்லப்பாகு. ஆனால் அதற்கு முன்னால் முனைக்கடையில் ஒரு கிண்ணம் ஆசாம் லக்சா. கெம்போங் என்று இங்கே சொல்லும் கானாங்கெளுத்தியை அவித்து உதிர்த்துப் புளியில் கொதிக்கவிட்ட சாறு, கொழகொழவென்ற வெள்ளை நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், கந்தான் என்கிற இஞ்சிப்பூ. கரண்டியில் கறுப்பாக ஒரு விழுது வரும். அது இனிப்பான இறால் விழுது. முழுவதையும் கலக்காமல் பாதியை மட்டும் கரைத்து ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள். நம் வீட்டு மீன்குழம்புச் சட்டியில் மறுநாள் காலை மிஞ்சும் அடிக்குழம்பின் ருசி அதில் இருக்கும்.

பக்கத்திலேயே சௌராஸ்தா சந்தை. ஜாதிக்காய் ஊறுகாய் வாங்குவதானால் இங்கே வாங்குங்கள், சுவைத்துப் பார்க்கத் தருவார்கள். பிற்பகலில் மழை பிடித்தால் இதுவே ஒதுங்கவும் நல்ல இடம். செப்டம்பர், அக்டோபரில் அது பெரும்பாலும் பிடிக்கும்.

கால் ஓய்ந்துவிட்டால் காட் பஸ் இருக்கிறது. கொம்தார் கோபுரத்திலிருந்து துறைமுகம் வரை பழைய நகரைச் சுற்றி வரும், காசில்லை. அதில் ஏறி வெல்ட் கீ என்கிற கடலோரச் சாலைக்குப் போய், ச்சியூ குலத்தார் துறையில் பலகைப் பாலத்தின் கோடி வரை நடங்கள். கடல்மேல் கால்நட்டு நிற்கும் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே எட்டிப் படம் எடுக்காதீர்கள்.

இருட்டியதும் சூலியா தெருவில் வண்டிகள் வந்து நிற்கும். நாலாவது சாப்பாடு சார் குவே தியாவ், அதாவது வறுத்த பட்டை அரிசி நூடுல்ஸ். நாலு தட்டுக்குச் சேர்த்துக் கிளறுகிறவரைவிட ஒவ்வொரு தட்டாக வறுக்கிறவரிடம் போங்கள், காத்திருப்பு அதிகம்தான். சிப்பி வேண்டாமென்றால் 'தா மாவ் கெராங்' என்று சொல்லுங்கள். பெரும்பாலான சீன வண்டிகளில் பன்றிக் கொழுப்பு சேரும், வேண்டாதவர்கள் ஹலால் கடையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட்டைத் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்தே முன்கூட்டி எடுத்துவிடுங்கள், வார இறுதியில் கடைசி ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஃபெர்ரிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். வீட்டுக்கு நாசி கண்டார் பொட்டலம் கட்டினால் குழம்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டு பை போடச் சொல்லுங்கள். ரயிலின் குளிர்பெட்டியில் அந்த வாசனை கடைசி இருக்கை வரை போகும்.