கயாக்கில் மீன் பிடிக்கச் சாமான் வாங்கப் போகிறீர்களா? கண்காட்சித் தரையில் உட்காருங்கள்

மீன்பிடிக் கண்காட்சிக்குப் போகும்போது என் தோள்பையில் மூன்று பொருட்கள் இருக்கும்: என் பழைய லைஃப் ஜாக்கெட், ஒரு அளவு நாடா, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். தண்ணீர் குடிப்பதற்கு இல்லை, விரல்களை நனைத்துக்கொள்ள. அரங்குக்குள் எல்லாமே காய்ந்து கிடக்கும், எல்லோரும் நின்றுகொண்டிருப்பார்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும். துடுப்பாலோ பெடலாலோ ஓட்டும் சிறு படகான கயாக்கில் மூன்றுமே தலைகீழ். உட்கார்ந்திருப்போம், நனைந்திருப்போம், ஒரு கையில் தூண்டில் இருக்கும். அதனால் எதை வாங்கினாலும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஈர விரலால், ஒரே கையால் இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். நடைபாதையில் போகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முதல் கண்காட்சியில் எனக்கு இந்தப் புத்தி இல்லை. என் வலது தோள் ஒருமுறை மூட்டு நழுவிய தோள், கையைப் பின்னால் அதிகம் கொண்டுபோக முடியாது. அப்படியிருந்தும் இருக்கைக்குப் பின்னால் பொருத்தும் தூண்டில் தாங்கி இரண்டு வாங்கினேன். கடையில் நின்றபடி பார்த்தபோது அம்சமாக இருந்தது. தண்ணீரில் மீன் இழுத்தபோதுதான் எனக்குக் கை எட்டாது என்று தெரிந்தது. உடம்பைத் திருப்பினேன், படகு சாய்ந்தது, ஓரத்தைத் தாண்டித் தண்ணீர் மடியில் வந்து விழுந்தது. மீனும் போய்விட்டது. அதே நாளில் வாங்கிய இன்னொரு தாங்கியின் போல்ட் என் படகின் தண்டவாளத்துக்குள் (துணைக்கருவி மாட்டும் ஓரப் பள்ளம்) நுழையவே இல்லை. அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

போவதற்கு முன்

கண்காட்சி யாருக்கானது என்று முதலில் பாருங்கள். சில கண்காட்சிகள் வியாபாரிகளுக்கு மட்டும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் ஐகாஸ்ட் அப்படிப்பட்டதுதான். கடைக்காரர்கள், தயாரிப்பாளர்கள், பத்திரிகைக்காரர்கள் போவார்கள், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அங்கே அறிமுகமாகும் புதிய சாமான் கடைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். பொதுமக்களுக்கான கண்காட்சியில்தான் கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி, அன்றைக்கே வாங்கிக்கொண்டு வரலாம்.

அப்புறம் உங்கள் படகை அளந்து போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படகின் ஓரத்தில் துணைக்கருவி பொருத்தும் தண்டவாளம் இருந்தால், அதன் மேல் அளவு நாடாவை வைத்தே படம் எடுங்கள். எல்லா நிறுவனத் தண்டவாளமும் ஒன்றல்ல. பெரும்பாலானவை பள்ளம் போல இருக்கும், அதற்குள் டி வடிவ போல்ட் நுழையும். பள்ளத்தின் அகலம் கொஞ்சம் மாறினாலும் கதை முடிந்தது. ஹோபி நிறுவனத்தின் எச்-ரயில் பள்ளமே இல்லை, பன்னிரண்டு பட்டை கொண்ட குழாய். அதற்குத் தனிக் கவ்வி வேண்டும். பந்து மூட்டுத் தாங்கி (உருண்டை முனையில் எந்தப் பக்கமும் திருப்பக்கூடியது) ஏற்கெனவே வைத்திருந்தால் பந்தின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இத்தகைய தாங்கிகள் செய்யும் ராம் நிறுவனத்தில் பி அளவு 1 அங்குலம், சி அளவு ஒன்றரை அங்குலம், ஒன்றின் பந்தைக் கவ்வும் கை மற்றதற்குப் பொருந்தாது.

கடைசியாக ஒரு அளவு. இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் கை எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். எனக்கு இடது பக்கம் நன்றாகவே எட்டும், வலது பின்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த எல்லைக்கு வெளியே எந்தச் சாமானும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். செலவு பாதியாகக் குறைந்தது.

முதல் சுற்றில் பர்ஸைத் திறக்காதீர்கள்

முதல் சுற்று வெறும் நடைதான். ஸ்டால் எண்ணைக் குறித்துக்கொண்டு நகருங்கள். "விருது பெற்றது" என்ற ஒட்டுத்தாளைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐகாஸ்டில் புதுப் பொருட்களுக்கு ஓட்டுப் போடுபவர்கள் கொள்முதல்காரர்களும் பத்திரிகைக்காரர்களும். காட்சி மேஜையில் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள், ஒரு பருவம் முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு அல்ல.

ஸ்டாலில் நிற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "இதை வைத்து நீங்கள் கடைசியாக எப்போது மீன் பிடித்தீர்கள்?" உண்மையாகவே பிடித்தவர் என்றால், குறையையும் அவரே சொல்லிவிடுவார். அடுத்த கேள்வி உதிரிப்பாகம் பற்றி. சுக்கான் கயிறு அறுந்தால், பெடலில் ஒரு ஊசி உடைந்தால், தனியாகக் கிடைக்குமா, நானே மாற்ற முடியுமா? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

படகு

மீன்பிடிக் கயாக்குகளில் பெரும்பாலானவை சிட்-ஆன்-டாப் வகை. குழிக்குள் இறங்கி உட்காராமல் மேலே உட்காருவது. ஒரு விதத்தில் நம் கட்டுமரத்தின் தம்பி. கட்டுமரத்தில் மரங்களின் இடைவெளி வழியே தண்ணீர் இறங்கும், இதில் அதற்கென்றே துளைகள். அந்தத் துளைகளுக்குள் கம்பியை நுழைத்துத் தூக்கும் தள்ளுவண்டிகள் ஸ்டாலில் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். மொத்த எடையும் துளையின் சுவரில் இறங்கி, நாளடைவில் அங்கே விரிசல் விடும். படகின் அடிவயிற்றைத் தாங்கி, பட்டையால் கட்டும் வண்டியே நல்லது.

எடைத் தகவலைப் படிக்கும்போது கவனம். சில தாள்களில் கூட்டின் எடை மட்டும் இருக்கும். இருக்கை, பெடல், சுக்கான் எல்லாம் சேர்த்தால் பல கிலோ கூடும். நல்ல அகலமான பெடல் கயாக் முழு ஆயத்தத்தில் 45 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். "ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். உங்களால் இடுப்பளவுக்குத் தூக்க முடியவில்லை என்றால், கார் கூரைக்கு ஏற்றுவது யார்? சுமைத் திறனையும் முழுதாக நம்பக் கூடாது. எழுதியிருப்பதில் 70 சதவீதம்தான் நான் கணக்கில் எடுப்பது. என் எடை, ஈரத் துணி, பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பெடலில் இரண்டு ஜாதி. ஹோபி 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவில் அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள் பக்கவாட்டில் அசையும், பென்குயின் நீந்துவது போல. மற்ற பல நிறுவனங்கள் சுழலும் விசிறி வைக்கின்றன. சிறகை, ஆழம் குறைந்தால் படகின் அடியோடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். விசிறிக்குக் கீழே ஆழம் வேண்டும், பாசி சுற்றிக்கொள்ளும். ஆனால் பின்னோக்கி மிதித்தால் உடனே பின்னால் போகும், மரக்கிளை அருகே தூண்டில் போடும்போது அதன் அருமை தெரியும். சிறகு வகையில் பழைய மாடல்கள் முன்னால் மட்டுமே போகும், பின்னாளில் வந்தவற்றில் கயிற்றை இழுத்துத் திசை மாற்றலாம். எனக்குப் பாசி அதிகமுள்ள தண்ணீர், அதனால் சிறகு. ஸ்டாலில் பெடலைக் கழற்றி மாட்டச் சொல்லாதீர்கள், நீங்களே செய்யுங்கள்.

லைஃப் ஜாக்கெட்

மற்றதில் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். லேபிளில் நியூட்டன் கணக்கு இருக்கும்: 50, 100, 150. சுமார் 10 நியூட்டன் என்றால் ஒரு கிலோ மிதப்பு. 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. கரையை விட்டு விலகிப் போகிறவர்கள் மேலே போக வேண்டும்.

பொருத்தம் பார்க்கக் கண்காட்சியை விட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் பத்தடி தள்ளியே கயாக் இருக்கிறது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படகு இருக்கையில் உட்காருங்கள். முதுகுப் பக்கம் முழுக்க நுரை வைத்த ஜாக்கெட் இருக்கையின் சாய்மானத்தில் இடித்து உங்களை முன்னால் தள்ளும். காது வரை ஏறவும் செய்யும். கயாக்குக்கென்று முதுகில் நுரையை மேலே மட்டும் வைத்துத் தைத்தவை உண்டு. யாரையாவது தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். முகவாய்க்கு மேல் ஏறினால் அது உங்களுடையது இல்லை. பிறகு ஈர விரலால் பக்கிளை மாட்டிக் கழற்றுங்கள்.

காற்று நிரம்பும் வகை மெலிசு, வெயிலுக்குச் சுகம். ஆனால் தூண்டில் முள்ளோடு அலைகிறவனுக்கு ஒரு சின்னத் துளை போதும். தண்ணீர் பட்டால் தானே விரியும் வகையாக இருந்தால், கயாக்கில் தெறிக்கும் தண்ணீருக்கே விரிந்துவிடும் அபாயமும் உண்டு. ஒவ்வொரு முறை விரிந்த பிறகும் வாயுக் குப்பியை மாற்ற வேண்டும். நான் நுரை ஜாக்கெட்டுக்காரன்.

துடுப்பு, தூண்டில், மின்சாரம்

உயர்ந்த இருக்கை, அகலப் படகு என்றால் துடுப்பு 240 முதல் 260 சென்டிமீட்டர் வரை தேவைப்படும். காட்சிப் படகில் உட்கார்ந்து காற்றில் துழாவிப் பாருங்கள், விரல் முட்டி ஓரத்தில் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். தூண்டில் கம்பில் பிடிக்குக் கீழே வால் நீளமாக இருந்தால் ஜாக்கெட்டில் சிக்கும். ஆனால் கம்பு மிகவும் குட்டையாகவும் இருக்கக் கூடாது. மீன் படகின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் ஓடும்போது கம்பின் நுனி அதைத் தாண்டி எட்ட வேண்டும். எனக்கு 7 அடி சரியாக வருகிறது.

மீன் காட்டும் கருவியில் ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். பேட்டரியை லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாகப் பாருங்கள், ஈய பேட்டரியை விட எடை பாதிக்கும் குறைவு. கணக்கு சுலபம்: கருவி ஒரு ஆம்பியர் இழுத்தால் 10 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் பத்து மணி நேரம் வரும். மின் மோட்டார் வேறு கதை, முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் 100 ஆம்பியர்-மணி பேட்டரியையே இரண்டு மணி நேரத்தில் குடித்துவிடும்.

விமானத்தில் திரும்பிப் போகிறவர்கள் பேட்டரியை அங்கே வாங்க வேண்டாம். 100 வாட்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-ஐத் தாண்டினால் பயணியாகக் கொண்டுபோகவே முடியாது. 12.8 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியே 128 வாட்-மணி வந்துவிடுகிறது.

கடைசி நாள்

காட்சிக்கு வைத்த படகைத் திரும்ப ஏற்றிப் போவது ஸ்டால்காரருக்கும் தொந்தரவு. கடைசி நாள் மாலையில் பேசிப் பாருங்கள், விலை இறங்கும். அடியில் கீறல் இருந்தால் பரவாயில்லை, எப்படியும் நீங்களே போடத்தான் போகிறீர்கள். பார்க்க வேண்டியது வேறு: துளை போட்டுக் கழற்றிய தடம் இருக்கிறதா, மூடிகள், பெடல், சுக்கான் எல்லாம் இருக்கிறதா, படகு எண் இருக்கிறதா, காட்சிப் படகுக்கு உத்தரவாதம் உண்டா, அது எந்தத் தேதியில் தொடங்குகிறது. பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருநாள் இறங்கி, கருவியையும் பேட்டரியையும் கரையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் மாட்டியபடி படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். எது மிதக்கிறது, எது கயிற்றில் தொங்குகிறது, ஜாக்கெட்டோடு திரும்ப ஏற முடிகிறதா என்று அப்போது தெரியும். என் புது இடுக்கி முதல் கவிழ்ப்பிலேயே காணாமல் போனது. காலால் துழாவி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மாலையே அதற்கும் ஒரு கயிறு கட்டினேன்.