கேமிங் ஹெட்போன் வாங்குமுன்: 7.1 என்ற எண்ணும் மற்ற தவறுகளும்

அக்கா பையன் பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு பிஜியில் தங்கி வேலை பார்க்கிறான். முதல் போனஸ் வந்த சனிக்கிழமை, ஹெட்செட் வாங்க என்னையும் எஸ்.பி. ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் கடைக்காரரும் தமிழுக்கு மாறினார். "வாங்க தம்பி, கேமிங்குக்குத்தானே?" என்று மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் பெரிய எழுத்தில் 7.1 என்று போட்டிருந்தது, அதாவது சுற்றிலும் ஏழு ஸ்பீக்கரும் பேஸுக்கு ஒன்றும் வைத்த சரவுண்ட் ஒலி.

"மாமா, இதுல எது நிஜ 7.1?"

"எதுவும் இல்லடா. மூணுலயும் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கு."

அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பணம் மிச்சம் என்பதால், அங்கேயே நின்று சொன்னேன். இங்கேயும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இடப்பக்கத்திலிருந்து வருகிற சத்தம் வலக்காதுக்கு ஏறக்குறைய 0.6 மில்லி நொடி தாமதமாகப் போய்ச் சேரும். நடுவில் தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கியும் போகும். இந்த இரண்டு வித்தியாசத்தை வைத்தே மூளை இடமா வலமா என்று சொல்லிவிடும். முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்பதுதான் சிரமம். நேர் முன்னாலிருந்து வந்தாலும் நேர் பின்னாலிருந்து வந்தாலும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் சேருகிறது. அப்போது கைகொடுப்பது காது மடல். அதன் மடிப்புகள் சில சுருதிகளைத் தூக்கும், சிலவற்றை அமுக்கும், திசைக்குத் திசை அது மாறும். தலையும் தோளும் மடலும் சேர்ந்து ஒலியில் செய்கிற இந்த மாற்றத்தை அளந்து கணக்காக்கியதற்குப் பெயர் எச்ஆர்டிஎஃப். விர்ச்சுவல் சரவுண்ட் என்று விற்பதெல்லாம் இந்தக் கணக்கை ஒலியின் மேல் போட்டு, கடைசியில் இடது, வலது என இரண்டே சேனலாக்கிக் காதுக்கு அனுப்புவதுதான். கணக்குப் போடுவது கம்ப்யூட்டரோ, கன்சோலோ, யூஎஸ்பியில் செருகுகிற குட்டி டாங்கிளோ. ஆகவே நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் எதிலும் அது கேட்கும். டாங்கிளில் 7.1 இருக்கிற ஹெட்செட்டைக் கழற்றி 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் செருகிப் பாருங்கள், அது வெறும் ஸ்டீரியோ ஹெட்செட் ஆகிவிடும்.

ஒரு காதுக்குள் நான்கைந்து குட்டி ஸ்பீக்கர் வைத்த ஹெட்செட்டுகளும் வந்தன. எல்லாமே காதிலிருந்து ஓரிரண்டு சென்டிமீட்டரில் இருப்பதால், அறையின் மூலையிலிருந்து ஒரு சத்தம் வருவது போன்ற உணர்வை அவற்றால் தர முடிவதில்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கர் இருப்பது மேல்.

அன்று ராத்திரி பிஜி அறையில் ஒரு சோதனை செய்தோம். பையன் கண்ணை மூடிக் கட்டிலில் உட்கார்ந்தான். நான் சாவிக்கொத்தை எடுத்து அவன் மூக்குக்கு நேராக ஒரு தடவையும், பின்மண்டைக்கு நேராக ஒரு தடவையும் மாற்றி மாற்றிக் குலுக்கினேன். தலையை அசைக்காமல் இருந்தபோது சில தடவை தப்பாகச் சொன்னான். தலையை லேசாகத் திருப்பலாம் என்றதும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சாதாரண ஹெட்போனில் இந்த வசதி கிடையாது. தலையைத் திருப்பினால் ஹெட்போனும் கூடவே திரும்பிவிடும். கேமுக்குள் தலையைத் திருப்புகிற வேலையை மவுஸ்தான் செய்ய வேண்டும். காலடிச் சத்தம் முன்னாலா பின்னாலா என்று சந்தேகம் வந்தால் மவுஸைச் சற்று இடதாக நகர்த்துங்கள். சத்தம் வலக்காதுப் பக்கம் நகர்ந்தால் ஆள் முன்னால், இடக்காதுப் பக்கம் போனால் பின்னால். எவ்வளவு விலை கொடுத்த கருவியாக இருந்தாலும் இந்தப் பழக்கம் வேண்டும். எச்ஆர்டிஎஃப் கணக்குக்கு அளவெடுத்த மாதிரித் தலை வேறு, உங்கள் தலை வேறு. உங்கள் நண்பருக்குப் பின்னால் கேட்கிற அதே சத்தம் உங்களுக்கு உச்சந்தலைக்குள் கேட்கலாம். அது உங்கள் காதின் குற்றம் இல்லை.

சரி, எல்லாரும் செய்கிற பெரிய தவறுக்கு வருகிறேன். ஒரே கணக்கை இரண்டு மூன்று தடவை போடுவது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் எச்ஆர்டிஎஃப் கேமுக்குள்ளேயே இருக்கிறது. வாலரண்டிலும் 2021 முதல் அந்த ஆப்ஷன் உண்டு. கேமுக்கு ஒவ்வொரு சத்தமும் எங்கே பிறக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். அதனால் அது போடுகிற கணக்குதான் சுத்தம். அதன் மேல் விண்டோஸில் விண்டோஸ் சோனிக், டால்பி அட்மாஸ் என்கிற விர்ச்சுவல் சரவுண்டுகளில் ஒன்றைப் போட்டு, அதற்கும் மேல் ஹெட்செட் சாஃப்ட்வேரில் 7.1 பொத்தானையும் அமுக்கினால் என்ன ஆகும்? ஏற்கெனவே வடிகட்டி முடித்த இரண்டு சேனலைத் திரும்ப வடிகட்டுகிறது. காலடி பாத்ரூமுக்குள் நடப்பது போல ஒலிக்கும், திசை கரைந்துவிடும். அக்கா பையனும் இதைத்தான் ஆறு மாதமாகச் செய்துகொண்டிருந்தான். பழைய ஹெட்செட் மேல் பழி போட்டுப் புதிதே வாங்கக் கிளம்பிவிட்டான்!

ஆகவே புதிது வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் ஸ்பேஷியல் சவுண்டை ஆஃப் செய்யுங்கள். ஹெட்செட் சாஃப்ட்வேரிலும் சரவுண்டை ஆஃப் செய்யுங்கள். கேமுக்குள் ஸ்பீக்கர் வகையை ஸ்டீரியோ அல்லது ஹெட்போன் என்று வைத்து, எச்ஆர்டிஎஃப் ஆப்ஷன் தனியாக இருந்தால் ஆன் செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே ஆடுங்கள், காதுக்குப் பழக நேரம் வேண்டும்.

கேமுக்குள் அந்த வசதி இல்லை, ஆனால் 5.1 அல்லது 7.1 ஒலியைத் தருகிறது என்றால் விர்ச்சுவல் சரவுண்டுக்கு வேலை உண்டு. கதை சார்ந்த கேம்கள் பலவற்றுக்கு அது அழகாகவே இருக்கும். விண்டோஸ் சோனிக் இலவசம், முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். அட்மாஸுக்கும் அதே மாதிரியான டிடிஎஸ்ஸுக்கும் பணம் கட்டுவது அதற்கு அப்புறம். பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதன் 3டி ஆடியோ சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனிலேயே வேலை செய்யும்.

விண்டோஸில் லவுட்னெஸ் ஈக்வலைசேஷன் என்று ஒன்று உண்டு. சின்னச் சத்தத்தைத் தூக்கிப் பெரிய சத்தத்தை அடக்கும். காலடி பளிச்சென்று கேட்பதால் பலருக்குப் பிடிக்கிறது. ஆனால் தூரத்தில் நடப்பவனும் பக்கத்தில் நடப்பவனும் ஒரே அளவில் கேட்பார்கள். திசை தெரிந்து தூரம் தெரியாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து ப்ளூடூத். பாட்டுக்கு வாங்கிய இயர்பட்ஸையே கேமுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 150 முதல் 250 மில்லி நொடி வரை பிந்தி வரும். நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடுகிறவன் 200 மில்லி நொடியில் ஒரு மீட்டர் போயிருப்பான். நீங்கள் கேட்பது அவன் இருந்த இடத்தை. இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. டீமோடு பேச மைக்கை ஆன் செய்ததும் பழைய ப்ளூடூத் முறை போன் கால் பாணிக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் மோனோ ஆகும், சத்தமும் அடைத்துப்போன மாதிரி ஆகும். மோனோ ஆனபின் இடமும் இல்லை வலமும் இல்லை. வயர்லெஸ்தான் வேண்டும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வருவதை வாங்குங்கள். பட்ஜெட் குறைவு என்றால் வயர்தான், யோசிக்கவே வேண்டாம்.

பெட்டி மேல் இருக்கிற எண்களை நம்பி வாங்குவதும் கூடாது. 50 மில்லிமீட்டர் ட்ரைவர் (காதுக்குள் இருக்கிற ஸ்பீக்கர்) என்றால் 40-ஐவிட நல்லது என்று அர்த்தமில்லை. 40,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதும் நமக்குப் பயனில்லை, மனிதக் காது சின்ன வயதிலேயே சுமார் 20,000 வரைதான். பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு, ஓம், அதாவது ஹெட்போனின் மின்தடை அளவு. 32 ஓம் அளவில் இருந்தால் லேப்டாப்பிலும் போனிலும் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் மாடலைப் புகழ்வதைக் கேட்டு வாங்கி நேராக லேப்டாப்பில் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். அதற்கு ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) தனியாக வேண்டும்.

அந்த மாடல் ஓப்பன் பேக், அதாவது காதை மூடுகிற கப்பின் வெளிப்பக்கம் திறந்திருக்கும். இந்த வகையில் ஒலி விரிந்து கேட்கும், திசை பிடிக்கவும் எனக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் உள்ளே கேட்பது வெளியே கசியும், வெளிச்சத்தம் உள்ளே வரும். தனி அறை, அமைதியான தெரு என்றால் தாராளமாக வாங்கலாம். பையன் அறையிலோ இன்னும் இரண்டு பேர், ஒருவருக்கு நைட் ஷிஃப்ட். கீழே மெயின் ரோட்டில் ஹாரன் ஓய்வதே இல்லை. அவனுக்கு மூடிய கப்தான் சரி. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பாருங்கள். ஃப்ரேம் தள்ளுகிற இடைவெளியில் பேஸ் கசிந்துவிடும், அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டும் வலிக்கும்.

கடைசியில் பையன் 7.1 இல்லாத, கழற்றக்கூடிய மைக் உள்ள ஸ்டீரியோ ஹெட்செட் ஒன்றை வாங்கினான். மீதிப் பணத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர் கேபிள், ஏனென்றால் அவனுடைய டெஸ்க்டாப்பில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை. இதை மறந்து வாங்கிவிட்டு மைக் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் நிறைய என்று கடைக்காரரே சொன்னார்.

வால்யூம் பற்றி ஒன்று. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். காலடி கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றினால் அடுத்து வெடிக்கிற துப்பாக்கிச் சத்தமும் அதே அளவு ஏறித்தான் வரும். காலடி எழும்புகிற சுருதிகளை மட்டும் ஈக்யூவில் (ஈக்வலைசரில்) கொஞ்சம் தூக்கிவிட்டு, வால்யூமை இறக்குங்கள். ஆடி முடித்துக் கழற்றும்போது காதில் 'ங்ஙீ' என்று கேட்டால் அன்றைக்குச் சத்தம் அதிகம். மறுநாளும் கேட்டால் காது டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.