முத்தச்சன் சைக்கிளா, அதற்கும் முந்தியதா?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் சைக்கிள் கடை வைத்திருப்பவனிடம் பழைய வண்டி எது வந்தாலும் கூடவே ஒரு கதையும் வரும். கொல்லங்கோடு பக்கத்துத் தறவாட்டுக்காரர் (பரம்பரை வீட்டுக்காரர்) என்றால் "முத்தச்சன் (தாத்தா) ஓட்டினது, நூற்றைம்பது வருஷம் ஆச்சு" என்பார். பொள்ளாச்சியிலிருந்து வரும் பழைய சாமான் வியாபாரி "துரை விட்டுட்டுப் போனது" என்பார். கதையை மறுக்காதீர்கள், வீட்டுக்காரர் மனசு கோணும். தலையாட்டிவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள்.

முதல் சோதனை பின்சக்கரம். பெடலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் நிற்க, சக்கரம் மட்டும் கிர்ரென்று ஓடினால் உள்ளே ஃப்ரீவீல் இருக்கிறது. அது பரவலானது 1900ஐ ஒட்டித்தான். அதற்கு முந்திய வண்டிகளில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் காலை எங்கே வைப்பது? அதற்காகவே பல வண்டிகளில் முன் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் சின்னக் கால்தாங்கி வைத்திருப்பார்கள். பின் அச்சின் இடப்பக்கம் ஏறுவதற்கு ஒரு படியும் நீட்டிக்கொண்டிருக்கும். கால்தாங்கி, படி, ஃப்ரீவீல் இல்லாத ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு), இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய வண்டி.

அடுத்தது செயின். இன்றைய செயினில் பல்லுக்குப் பல் அரை அங்குலம். 1890களின் வண்டிகளில் பெரும்பாலும் ஒரு அங்குலம்; உருளை இல்லாமல் கட்டியான இரும்புத் துண்டுகளைக் கோத்த செயினும் உண்டு. ஆனால் பந்தய வண்டிகளில் அங்குலச் செயின் 1900க்குப் பிறகும் வந்தது. அதனால் செயினை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிரேக்கையும் பாருங்கள். நம் ஊரில் பால்கேன் கட்டிய வண்டிகளில் இருந்ததே, ரிம்மை அடியிலிருந்து பிடிக்கும் ராடு பிரேக், அது இருபதாம் நூற்றாண்டு வண்டிகளின் அடையாளம். முந்தியவற்றில் ஹேண்டில் பாரிலிருந்து ஒரு கம்பி நேரே இறங்கி, முன் டயரை மேலிருந்து அழுத்தும்.

முலாமும் பேசும். குரோமியம் 1920களின் கடைசிக்கு முன் சைக்கிளுக்கு வரவில்லை. அதன் பளபளப்பில் நீலம் ஓடும். நிக்கலில் இளமஞ்சள் ஓடும். பிற்பாடு யாராவது மறுமுலாம் போட்டிருக்கலாம் என்பதால் இதுவும் துணைச் சாட்சிதான்.

பெயர்த் தகட்டில் பலர் ஏமாறுவார்கள். ஹெர்குலிஸ் கம்பெனியே 1910இல்தான் பர்மிங்ஹாமில் தொடங்கியது. அதை இங்கே செய்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949இல். மூன்று துப்பாக்கி முத்திரை போட்ட பி.எஸ்.ஏ. கம்பெனியின் பாகங்களை வேறு கம்பெனிகளும் வாங்கித் தங்கள் வண்டியில் பூட்டினார்கள். ஆகவே பல்சக்கரத்தில் துப்பாக்கி இருப்பதால் வண்டி முழுக்க பி.எஸ்.ஏ. ஆகிவிடாது.

இனி, முன்சக்கரம் பெரிதும் பின்சக்கரம் சிறிதுமான அந்தப் பெரிய சக்கர வண்டி. 1870இல் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 'ஏரியல்' என்ற வண்டிக்குக் காப்புரிமை பெற்றார்கள். பெடல் முன் ஹப்பிலேயே இருப்பதால், ஒரு மிதிக்கு ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. எவ்வளவு பெரிது என்பதை ஓட்டுபவரின் கால் நீளம் முடிவுசெய்யும். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் இப்படியொரு 50 அங்குல வண்டியில் உலகைச் சுற்றியவர், 1886இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை வந்தார். 1885இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்', பின்சக்கரத்துக்குச் செயின் கொடுத்தது. 1888இல் டன்லப் காற்று டயரைக் கொண்டுவந்தார். சில வருஷங்களில் பெரிய சக்கரத்தின் கதை முடிந்தது.

இன்று ஓட்டல் வாசல்களில் நிற்பதெல்லாம் பெரும்பாலும் அலங்காரத்துக்குச் செய்த போலி. கண்டுபிடிப்பது சுலபம். போக்ஸ் கம்பியை ரிம்மிலும் ஹப்பிலும் வெல்டிங் வைத்திருப்பார்கள். கோட்டம் எடுக்கவே வழியிருக்காது. அசலில் கம்பிக்கு மரை இருக்கும். பெரிய சக்கரத்தின் மேலிருந்து சின்னச் சக்கரத்துக்கு வளைந்து இறங்கும் முதுகுக் குழாய் உள்ளே பொள்ளலாக, பின்னே போகப் போக மெலிந்து வரும். போலியில் தண்ணீர் பைப்பை வளைத்து வைத்திருப்பார்கள். அதைவிடப் பழைய, பெடல் முன்சக்கரத்தில் வைத்த 1860களின் மரச்சக்கர வண்டியோ, பெடலே இல்லாமல் 1817இல் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிக் காட்டியதோ என் கடைவாசலுக்கு வந்ததில்லை.

அசல் என்று தெரிந்துவிட்டால் தயவுசெய்து ஓவராயில் பண்ணாதீர்கள். தொழிலே அதுதான், நானே சொல்கிறேன். கறுப்பு பெயிண்ட் அடித்து, புது முலாம் போட்டு, தங்கக் கோடு இழுத்துவிட்டால் வண்டியின் வயதைச் சொல்லும் எல்லாச் சாட்சியும் போய்விடும். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். பிசுக்குக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி; பெயிண்ட் எழுத்து இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம். உப்புத்தாளும் புளியும் கிட்டவே வரக் கூடாது. வெண்கலக் குத்துவிளக்குக்குச் சரி, நிக்கல் முலாம் தாங்காது. இரும்புக்கு நிறமில்லாத மெழுகை லேசாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. தோல் சீட்டில் தடவினால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதானால் ஸ்டாண்டுக்கு வையுங்கள்.

நிறுத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாரம் டயரில் இறங்கக் கூடாது. கட்டி ரப்பர் ஒரே இடத்தில் தட்டையாகும், சித்திரை வெயில் பட்டால் பிசினாக இளகும். இரண்டு அச்சுக்கும் அடியில் கம்பளித் துணி சுற்றிய மரத் தாங்கல் கொடுத்து, டயர் தரையைத் தொடாமல் விரலளவு தூக்கி வையுங்கள். சக்கரத்தில் கயிறு கட்டிச் சுவரில் தொங்கவிட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்று நேராக வீசும் உம்மறமும் (முன் திண்ணையும்) ஆகாது. தள்ளிவிடும், இல்லையென்றால் மண்ணை வாரிக் கொட்டும். ஈரம் ஊறும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நிழலான உள் அறைதான் சரி.

பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். எது அசல், எது பிற்பாடு மாற்றியது என்று எழுதுங்கள். சீட்டு புதிது என்றால் புதிது என்றே போடுங்கள். ஃபிரேம் எண் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழோ பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ இருக்கும். அதையும் குறித்து வைத்தால் விசாரிக்க வருபவருக்கு உதவும்.

கல்யாண மண்டபத்துக்காரர் போட்டோவுக்கு வாடகை கேட்டு வருவார். அவருக்கு வெல்டிங் வைத்த வண்டியைக் காட்டுங்கள். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தாலும் அது தாங்கும்.