ஏற்காட்டில் பாறைப் பூச்செடிகள்: மழையில் அழுகாமல் வளர்க்கும் முறை

உயர்ந்த மலைகளின் பாறை இடுக்குகளில் பூக்கும் குட்டைச் செடிகள் எல்லாமே ஏற்காட்டில் வந்துவிடாது, சில மட்டுமே வரும். ஜென்ஷியன் போன்றவை மாதக்கணக்கில் பனிக்கு அடியில் உறங்கிப் பழகியவை. ஏற்காடு இருக்கும், சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள சேர்வராயன் மலையில் அந்தக் குளிர் இல்லை, அவற்றில் காசைப் போடாதீர்கள். டயாந்தஸ், சீடம், மெக்சிகன் டெய்சி மூன்றிலிருந்து தொடங்குங்கள். சேலத்தில் மொட்டைமாடி வெயிலுக்கு டேபிள் ரோஸ் போதும், முறை ஒன்றுதான்.

முதலில் மண்கலவை. பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் வெயிலைவிட வேரில் தேங்கும் ஈரமே இவற்றை அதிகம் கொல்கிறது. செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு, சிறு ஜல்லியும் பருமணலும் சேர்ந்து இரண்டு பங்கு. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் தூள் போகக் கழுவுங்கள். அந்தத் தூள் மண்ணை இறுக்கிவிடும். கலவையை ஈரமாக்கி உள்ளங்கையில் பிடித்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும்.

அப்புறம் தொட்டி. அடித்துளை பெரிதாக உள்ள மண்தொட்டி நல்லது. துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும். அடியில் ஜல்லி பரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்: நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் லேசில் இறங்காது, ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் நின்றுவிடும்.

தரையில் என்றால் சரிவான இடம் பாருங்கள். நம் ஊர்க் கருங்கல்லை மூன்றில் ஒரு பங்கு புதைத்து, சற்றே பின்பக்கம் சாய்த்து வையுங்கள். மழைநீர் கல்லின் மேல் வழிந்து பின்னால் உள்ள வேருக்குப் போகும். வெறுமனே மேலே வைத்த கல் ஆடும், பார்க்கவும் ஒட்டாது.

நடுவதற்கு ஜனவரி நல்ல மாதம். மழை விட்டிருக்கும், குளிரில் வேர் பிடிக்கும். நர்சரிச் செடியென்றால் வேரைச் சுற்றியுள்ள கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூளை) முடிந்தவரை உதறிவிடுங்கள். செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண்ணுக்குச் சற்று மேலே இருக்கட்டும். அதைச் சுற்றி ஒரு அங்குலம் ஜல்லி பரப்புங்கள். இந்த வேலையைத் தயவுசெய்து விடாதீர்கள், தண்டு அழுகாமல் காப்பது அதுதான்.

விரலை உள்ளே விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரம் மிகக் குறைவாக. பருவமழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள்.

மெக்சிகன் டெய்சி தானே விதை போட்டுச் சுவர் இடுக்கிலெல்லாம் முளைக்கும். வாடிய பூக்களை உடனே கிள்ளுங்கள். வேலிக்கு வெளியே காபித் தோட்டப் பக்கம் தலைகாட்டினால் வேரோடு பிடுங்குங்கள்.